நீதிமன்றத் தேதி வரும்வரை டிஎம்வி காத்திருப்பதில்லை

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறேன். ஹெச்-1பி வேலை விசாவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சென்ற சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் பியர் குடித்துவிட்டுக் காரில் திரும்பும்போது, இரவு 11.40 மணிக்கு, சிக்னல் போடாமல் தடம் மாறியதாகச் சொல்லிக் காவலர் நிறுத்தினார். அப்போது சாலையில் வேறு வண்டிகளே இல்லை. சாலையோரத்தில் கையடக்கக் கருவியில் ஊதச் சொன்னார், பயத்தில் மறுத்துவிட்டேன். கைது செய்து காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகு, 12.50 மணிக்கு, அங்கிருந்த பெரிய கருவியில் இரண்டு முறை ஊதினேன். இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08, 0.09 என்று வந்தது. உரிமத்தை வாங்கிக்கொண்டு ஒரு இளஞ்சிவப்புத் தாளைக் கொடுத்தார்கள். நீதிமன்றத் தேதி ஆறு வாரம் கழித்து வருகிறது. இதற்கு முன் என்மேல் எந்த வழக்கும் இல்லை.

நீதிமன்றத் தேதிவரை கவலை இல்லை என்கிறார் ஒரு நண்பர். ஊத மறுத்ததால் ஒரு வருடம் உரிமம் போய்விடும் என்கிறார் இன்னொருவர். 0.08 தானே வரம்பு, நான் வரம்புக்குள்தானே இருக்கிறேன்? என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவருக்கு ஓட்டத் தெரியாது. நிலைமையை நேரில் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வியில் விட்டுவிடுவார்களா? என்னிடம் தமிழ்நாட்டு உரிமம் இருக்கிறது. அதை வைத்து ஓட்டலாமா? ஜனவரியில் கோயம்புத்தூரில் தங்கையின் திருமணம். போய்வருவதில் சிக்கல் வருமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கைதான ஆறாம் நாள் என்னிடம் வந்தது. அன்றே, மற்ற எதற்கும் முன்னால் உரிம விசாரணைகளை நடத்தும் டிஎம்வியின் டிரைவர் சேஃப்டி அலுவலகத்தை அழைத்து விசாரணை கேட்டுவிடும்படி உங்களுக்குத் தனியாக எழுதினேன். நீங்களும் கேட்டுவிட்டதாகப் பதில் அனுப்பியிருந்தீர்கள். விரிவான பதிலை உங்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் நம்மவர்கள் பலரும் நீதிமன்றத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள் என்பதும், அதற்குள் உரிமத்தைக் காப்பாற்றும் வழி அடைபட்டுப்போயிருக்கும் என்பதும்தான் இதைப் பொதுவில் எழுதக் காரணம்.

கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு ஓட்டியதாக ஒருவர் கைதானால், அந்த ஒரே கைதிலிருந்து இரண்டு தனித்தனி நடவடிக்கைகள் தொடங்குகின்றன. ஒன்று, மாவட்ட அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தொடுக்கும் குற்ற வழக்கு. மற்றொன்று, டிஎம்வி தன் சொந்த அதிகாரத்தில் உங்கள் ஓட்டும் உரிமையை இடைநிறுத்தும் நிர்வாக நடவடிக்கை. அதற்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் பெர் சே’ என்று பெயர், சுருக்கமாக ஏபிஎஸ் என்பார்கள். 1990 ஜூலை 1 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. நீங்கள் குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி சொல்லும்வரை டிஎம்வி காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் அடிப்படையே. வண்டி ஓட்டுவது அரசு தரும் அனுமதி என்றும், அதைத் திரும்பப் பெறுவது தண்டனை ஆகாது என்றும் சட்டம் கருதுவதால், குற்ற வழக்கில் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்புகளில் பல இங்கே கிடையாது. ஜூரி கிடையாது. அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் இந்த விசாரணைக்கு வரமாட்டார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

உங்கள் கையிலுள்ள இளஞ்சிவப்புத் தாளை மறுபடியும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். டிஎஸ் 367 என்ற எண்ணுள்ள படிவம் அது. பெரும்பாலோர் அதைத் தற்காலிக உரிமம் என்று மட்டும் நினைத்துக் கைப்பையில் மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது முதலில் ஓர் இடைநிறுத்த உத்தரவு. அந்த உத்தரவு அமலுக்கு வரும்வரை ஓட்ட அனுமதிக்கும் 30 நாள் சீட்டு என்பது அதன் இரண்டாவது வேலை. காவலர் டிஎம்வியின் சார்பில் அந்த உத்தரவை உங்களிடம் சேர்த்துவிட்டார். அந்தக் கணத்திலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது. அதைப் பெற்ற பத்து நாட்களுக்குள் நீங்கள் விசாரணை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 30 நாள் முடிந்ததும், யாரும் மேற்கொண்டு எதுவும் செய்யாமலே, இடைநிறுத்தம் தானாகத் தொடங்கிவிடும். உங்கள் நீதிமன்றத் தேதி ஆறு வாரம் கழித்து, அதாவது சுமார் நாற்பதாம் நாள். முதல் நண்பரின் பேச்சைக் கேட்டிருந்தால், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் உரிமம் இல்லாமலே கார் ஓட்டிக்கொண்டு போயிருப்பீர்கள், அதுவே தனிக் குற்றம்.

இந்தப் பத்து நாளில் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேரும். நள்ளிரவு தாண்டிய பிறகு தாள் கொடுத்தார்களா, எந்தத் தேதி போட்டிருக்கிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்துக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்க வேண்டாம். டிஎம்வியின் சாதாரணக் கிளை அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை; டிரைவர் சேஃப்டி அலுவலகத்தைத்தான் அழைக்க வேண்டும். விசாரணை வேண்டும் என்பதோடு, அது முடியும்வரை இடைநிறுத்தத்தை நிறுத்திவைத்து உங்கள் தற்காலிக உரிமத்தை நீட்டிக்க வேண்டும் என்றும், டிஎம்வி உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்போகும் ஆவணங்களின் நகல்கள் வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிய காலத்தில் கேட்டவருக்கு, முப்பதாம் நாளுக்குள் விசாரணை நடத்த முடியாமல் போனால், நீட்டிப்பு கிடைக்கும். பேசியவரின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே கோரிக்கையை எழுத்திலும் அனுப்பிவைத்து நகலைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறியிருந்தால் புதிய முகவரியை டிஎம்விக்குப் பத்து நாளில் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. பழைய முகவரிக்குப் போன கடிதத்தைப் பார்க்கவில்லை என்ற வாதம் எடுபடாது.

இனி இரண்டாவது நண்பர் சொன்னது. அவர் பாதி உண்மையைத் தெரிந்துவைத்திருக்கிறார். கைதான பிறகு, மூச்சோ இரத்தமோ, ஏதேனும் ஒரு சோதனைக்கு உட்பட மறுத்தால், முதல் முறையிலேயே ஓர் ஆண்டு இடைநிறுத்தம். அந்த ஆண்டு முழுவதும் வேலைக்குப் போய்வரக்கூட உரிமம் கிடைக்காது. வழக்கறிஞரிடம் பேசிவிட்டுத்தான் ஊதுவேன் என்று அடம்பிடிப்பதும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்; இந்தச் சோதனைக்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை இங்கே இல்லை. ஆனால் நீங்கள் மறுத்தது கைதுக்கு முன் சாலையோரத்தில் நடத்தும் முதற்கட்டச் சோதனையை. 21 வயது நிரம்பியவர்கள், குடித்துவிட்டு ஓட்டிய பழைய வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இல்லாதவர்களாக இருந்தால், அதை மறுக்கலாம். நிலையத்தில் நீங்கள் முறையான சோதனைக்கு உட்பட்டிருக்கிறீர்கள். எனவே உங்கள்மேல் ‘மறுப்பு’ நடவடிக்கை வரக்கூடாது. தாளில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அவசரத்தில் மறுப்புக்கான கட்டத்தில் குறி விழுந்திருந்தால், அதை இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.

0.08 வரம்புக்குள் என்ற எண்ணம் தவறு. சட்டம் சொல்வது ‘0.08 சதவீதம் அல்லது அதற்கு மேல்’. 0.08 வந்தாலே வரம்பைத் தொட்டாயிற்று. ஊரில் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03, அதைவிடத் தாராளமான வரம்பை வைத்திருக்கும் இடத்தில், அதன் விளிம்பில் நின்று விவாதிப்பது எடுபடாது. ஆனாலும் உங்கள் எண்கள் விளிம்பில் இருப்பது வேறு ஒரு வகையில் பயன்படும்.

விசாரணையில் மூன்று கேள்விகள்தாம் உண்டு. நீங்கள் குடித்துவிட்டு ஓட்டுவதாக நம்பக் காவலருக்கு நியாயமான காரணம் இருந்ததா? கைது சட்டப்படி நடந்ததா? ஓட்டும்போது உங்கள் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 அல்லது அதற்கு மேல் இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் இடைநிறுத்தம் உறுதியாகும். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் டிஎம்வி அதைக் கைவிட வேண்டும். இந்த மூன்றுக்கு வெளியே எதையும் கணக்கில் எடுக்க விசாரணை அலுவலருக்கு அதிகாரம் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், மன்னிப்புக் கேட்டால் விடுவார்களா என்ற உங்கள் கேள்வி. நம்மவர்கள் இந்த விசாரணைக்கு மேலாளரின் நற்சான்றுக் கடிதம், கோயில் கமிட்டித் தலைவரின் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு கோப்பே தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். அலுவலர் மரியாதையாக வாங்கிப் பதிவில் சேர்த்துக்கொள்வார். தீர்ப்பில் அது ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. உங்கள் மனைவியின் நிலைமை எனக்குப் புரிகிறது, கேட்கும் அலுவலருக்கும் புரியும். ஆனால் கஷ்டம் என்பது அந்த மூன்று கேள்விகளில் ஒன்றல்ல. மன்னிப்புக் கேட்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. “குடித்தது உண்மைதான், தெரியாமல் ஓட்டிவிட்டேன்” என்று நீங்கள் உறுதிமொழியின்மேல் சொல்லும் வாக்கியம், அங்கே பதிவாகி, பிறகு குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். உங்கள் சார்பில் வழக்கறிஞர் ஆஜரானால் நீங்கள் வரவேண்டிய கட்டாயமே இல்லை. நான் எடுத்து நடத்தும் விசாரணைகளில் பெரும்பாலும் கட்சிக்காரரைப் பேசவிடுவதில்லை.

விசாரணை அலுவலர் நீதிபதி அல்ல, டிஎம்வியின் ஊழியர். வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல காலமாக ஒரே அலுவலரே டிஎம்வியின் தரப்பை எடுத்துவைத்து, எதிர்த்தரப்பின் ஆட்சேபங்களையும் தானே தள்ளுபடி செய்து, கடைசியில் தீர்ப்பும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஆள் வாதியாகவும் தீர்ப்பளிப்பவராகவும் இருப்பது முறையான சட்ட நடைமுறைக்கு எதிரானது என்று 2022இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நல்ல தீர்ப்பு; ஆனால் தீர்ப்பளிப்பவர் இன்றும் டிஎம்வியின் ஊழியர்தான் என்பதை மறக்காமல், காகிதங்களின் பலத்தை மட்டும் நம்பிப் போவதே சரி.

உங்கள் வழக்கில் காகிதங்கள் என்ன சொல்லக்கூடும்? முதலில், வண்டியை நிறுத்திய காரணம். கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 22107ஆம் பிரிவின்படி, தடம் மாறும்போது சிக்னல் போட வேண்டியது அந்த அசைவால் வேறொரு வாகனம் பாதிக்கப்படக்கூடும் என்ற நிலையில்தான். சாலை உண்மையிலேயே வெறுமையாக இருந்திருந்தால், நிறுத்தியதே சரியா என்ற கேள்வி எழுகிறது. நிறுத்தியது தவறு என்றால் அதைத் தொடர்ந்த கைதும் ஆட்டம் காணும். ஆனால் காவலரின் கார் உங்களுக்குப் பின்னால் எவ்வளவு அருகில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு வாகனம்தான். காவல் வண்டியின் கேமராப் பதிவும் காவலரின் உடற்கேமராப் பதிவும் இங்கே முக்கியம். அவை நெடுங்காலம் அழியாமல் இருக்கும் என்று எண்ணாமல் உடனே கேளுங்கள். தேவைப்பட்டால் காவலரையே சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், அவருக்குரிய சாட்சிப்படியை நீங்கள் கட்ட வேண்டும் என்றாலும். அவர் நேரில் வராவிட்டால் அவருடைய பிரமாணப் பத்திரத்தை வைத்தே டிஎம்வி வழக்கை நடத்தும்.

இரண்டாவது, சோதனை நடத்திய விதம். மாநில ஒழுங்குமுறைகளின் 17ஆம் தலைப்பு இதற்கான விதிகளை வகுத்திருக்கிறது. ஊதுவதற்கு முன் குறைந்தது 15 நிமிடம் உங்களைத் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் எதையும் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ வாந்தியெடுக்கவோ கூடாது, வயிற்றிலிருந்து எதுவும் எதுக்களித்து வாய்க்கு வந்திருக்கவும் கூடாது. இரண்டு மாதிரிகளுக்கும் இடையிலான வேறுபாடு 0.02க்கு மேற்படக்கூடாது, உங்களுடையது படவில்லை. கருவியின் துல்லியத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறையோ 150 பேரைச் சோதித்த பிறகோ, எது முன்னால் வருகிறதோ அப்போது, சரிபார்த்திருக்க வேண்டும். கருவியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் சோதனை நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள சரிபார்ப்புகளை ஒப்பிடுங்கள். 0.20 என்று வந்தவருக்கு இந்தப் பதிவேட்டில் சிறு பிசகு இருந்தும் பயனில்லை, 0.08 வந்தவருக்குக் கருவி 0.01 கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தாலே வழக்கின் நிலை மாறிவிடும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அரசு ஊழியர் தம் கடமையை ஒழுங்காகச் செய்தார் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். விதி மீறப்பட்டது என்பதைச் சான்றோடு காட்டி அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. உடைத்துவிட்டால், சோதனை நம்பத்தக்கது என்று காட்டும் பொறுப்பு டிஎம்விக்கு மாறும். ஊதுவதற்கு முன்னிருந்த அந்தப் பதினைந்து நிமிடமும் காவலர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவையுங்கள். எழுதியதை வழக்கறிஞரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப் குழுவுக்கு நிச்சயமாக வேண்டாம்.

மூன்றாவது, நேரம். நீங்கள் ஓட்டியது 11.40க்கு, ஊதியது 12.50க்கு. குடித்த ஆல்கஹால் வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து முடிய நேரம் ஆகும். விருந்திலிருந்து கிளம்புமுன் கடைசியாகக் குடித்திருந்தால், ஓட்டும்போது 0.08க்குக் கீழே இருந்து நிலையத்துக்குப் போவதற்குள் ஏறியிருக்கலாம். முதல் மாதிரியைவிட இரண்டாவது கூடியிருப்பது இதற்குச் சாதகமாகத் தோன்றினாலும், அத்தனை சிறிய வேறுபாட்டை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஓட்டி முடித்த மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை, ஓட்டியபோது இருந்த அளவையே காட்டுகிறது என்ற அனுமானமும் சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்க்க நச்சியல் நிபுணரின் கருத்து தேவை; அதற்குச் செலவாகும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குக் கடைசியாகக் குடித்தீர்கள் என்பதற்கு நம்பகமான சான்று இருந்தால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள் என்பது என் கருத்து.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முன்வழக்கு இல்லாதவருக்கு இடைநிறுத்தம் நான்கு மாதம். பத்து ஆண்டுக்குள் இது இரண்டாவது முறை என்றால் ஓர் ஆண்டு. நான்கு மாதமும் வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், 30 நாள் அறவே ஓட்டாமல் இருந்துவிட்டு, அதன் பிறகு ஐந்து மாதம் வேலைக்கும், மது தொடர்பான வகுப்புக்கும் மட்டும் ஓட்டலாம். மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது அதில் அடங்காது. இரண்டாவது வழியில், காரில் இக்னிஷன் இன்டர்லாக் கருவியைப் பொருத்திக்கொண்டால் அந்த 30 நாள் காத்திருப்பு இல்லாமலே, நான்கு மாதம், எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் அந்தக் கருவி உள்ள வண்டியை மட்டும். ஒவ்வொரு முறையும் ஊதினால்தான் இன்ஜின் இயங்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அலுவலக வாகன நிறுத்தத்தில் சக ஊழியர் பார்த்துவிடுவாரோ என்று கூசி முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பிரசவ காலம் நெருங்கும் வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு இடம் தராதீர்கள். உங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். இரண்டுக்குமே மது வகுப்பில் பதிவு செய்து சான்று தர வேண்டும், உங்களுக்குக் காப்பீடு இருப்பதைக் காட்டும் எஸ்ஆர்-22 என்ற சான்றைக் காப்பீட்டு நிறுவனம் டிஎம்வியில் தாக்கல் செய்து மூன்று ஆண்டு தொடர வேண்டும், 125 டாலர் மறுவழங்கல் கட்டணம் கட்ட வேண்டும். காப்பீட்டுத் தவணை ஒரு மாதம் விட்டுப்போனாலும் எஸ்ஆர்-22 விலக்கப்பட்டு உரிமம் மறுபடியும் நின்றுவிடும்.

டிஎம்வியின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் சுப்பீரியர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே புதிய சாட்சியம் பொதுவாக ஏற்கப்படாது. விசாரணையில் பதிவானதை வைத்தே முடிவு செய்வார்கள். ஆகவே விசாரணையிலேயே எல்லாவற்றையும் பதிவில் ஏற்றிவிட வேண்டும்.

குற்ற வழக்கும் இதுவும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று பலரும் குழம்புகிறார்கள். 0.08 குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் உங்களை விடுதலை செய்தால், டிஎம்வியும் தன் இடைநிறுத்தத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். போதிய சாட்சியம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வழக்கே போடாவிட்டால், கைதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் டிஎம்வியிடம் மறுபடியும் விசாரணை கேட்கும் உரிமை கிடைக்கிறது. ஆனால் பேரம் பேசிக் குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்வது, இங்கே ‘வெட் ரெக்லெஸ்’ என்று சொல்லப்படும் மது தொடர்பான அஜாக்கிரதை ஓட்டுதலாக மாற்றிக்கொள்வது, டிஎம்வியின் இடைநிறுத்தத்தைத் தொடாது. நீதிமன்றத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டு வெளியே வந்தவர்கள் டிஎம்வி கடிதத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். குடித்து ஓட்டிய குற்றமே உறுதியானால் தனியாக ஆறு மாத இடைநிறுத்தம் வரும். ஏற்கெனவே கழித்த ஏபிஎஸ் காலம் அதில் கழியும்.

தமிழ்நாட்டு உரிமத்தை வைத்து ஓட்டலாமா என்றால், கூடாது. டிஎம்வி இடைநிறுத்துவது ஒரு பிளாஸ்டிக் அட்டையை மட்டுமல்ல, கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும் உங்கள் உரிமையை. ஊர் உரிமமோ, அதைக் காட்டி வாங்கிய சர்வதேச அனுமதிச்சீட்டோ அதை மீட்டுத் தராது. பிடிபட்டால் இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டிய குற்றம் சேரும், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. டெக்சாஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அங்கே புதிதாக எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்வோரும் இருப்பார்கள். மாநிலங்கள் தேசியப் பதிவேட்டைப் பார்த்துத்தான் உரிமம் தருகின்றன. இன்னொன்று: உங்கள் உரிமத்தின் காலாவதித் தேதி, நீங்கள் அமெரிக்காவில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஐ-94 பதிவின் தேதியோடு கட்டப்பட்டிருக்கும், இளஞ்சிவப்புத் தாளோ அதன் நீட்டிப்போ அந்தத் தேதியைத் தாண்டி உங்களை ஓட்ட அனுமதிக்காது. உள்நாட்டு விமானத்துக்குக் கடவுச்சீட்டை எடுத்துச்செல்லுங்கள், அந்தத் தாளை விமான நிலையத்தில் அடையாளமாக ஏற்கமாட்டார்கள். டிஎம்வியிடம் ஓர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடலாம்.

கடைசியாக ஜனவரிப் பயணம். நான் குடிவரவு வழக்கறிஞர் அல்ல. ஆனால் ஹெச்-1பியில் இருக்கும் ஒருவருக்கு நான்கு மாத இடைநிறுத்தத்தைவிட இதுவே பெரிய விஷயமாக முடியலாம் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். 2015 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை, கடந்த ஐந்து ஆண்டுக்குள் குடித்துவிட்டு ஓட்டிக் கைதான பதிவு இருந்தால், குற்றம் உறுதியாவதற்கு முன்பே, கடவுச்சீட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறையைப் பின்பற்றுகிறது. ரத்தாகும் செய்தி பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும், அதுவும் விசா விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த பழைய முகவரிக்கு. அதை இன்றே திறந்து பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. விசா ரத்தானாலும், நாட்டுக்குள் இருக்கும்வரை உங்கள் ஹெச்-1பி தகுதி அதனால் மட்டும் போய்விடுவதில்லை, வேலையைத் தொடரலாம். வெளியே போனால்தான் சிக்கல்: திரும்பி வரச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் இதுவரை எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றுதான் எழுத வேண்டும். குடிப்பழக்கம் நோயளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க, தூதரகம் குறிப்பிடும் மருத்துவரிடம் அனுப்புவார்கள். அந்த அறிக்கை வரும்வரை நீங்கள் கோயம்புத்தூரில் காத்திருக்க நேரும். சாதாரணமான ஒரு முதல் வழக்கு உங்களை நாடுகடத்தும் குற்றமாகாது என்பதும் உண்மை. அதனால் கிலி பிடித்துக்கொண்டு வேலையை விட வேண்டாம். ஆனால் நீதிமன்றத்தில் எந்தப் பேரத்துக்கும் ஒப்புக்கொள்ளும் முன், அதன் குடிவரவு விளைவு என்ன என்று உங்கள் குற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதைச் சொல்வது அவருடைய கடமை என்று 2010இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே பயணச்சீட்டை இப்போது வாங்க வேண்டாம். டிஎஸ் 367 தாள், நீதிமன்றத் தேதிச் சீட்டு, கடவுச்சீட்டு, ஐ-797 என்ற ஹெச்-1பி ஒப்புதல் அறிவிப்பு, ஐ-94 ஆகியவற்றின் நகல்களோடு ஒரு குடிவரவு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். திருமணத்துக்கு வர முடியாமல் போகலாம் என்பதைத் தங்கையிடம் சொல்வது கடினம்தான். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைக்கும் யோசனை அவர்களுக்கு இருந்தால் அதற்கும் நேரம் கிடைக்கும்.